ஆறு மேசைக்கு ஈஎஸ்டி மேட்: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

கேள்வி இதுதான்: கோவையில் எல்ஈடி டிரைவர் போர்டும் சிறு கன்ட்ரோலர் போர்டும் அசெம்பிள் செய்து, ரிப்பேரும் பார்க்கிற ஒரு சின்ன யூனிட். ஆறு மேசை. ஆடிட்டுக்கு வரப்போகும் வாடிக்கையாளர் எல்லா மேசைக்கும் ஈஎஸ்டி மேட் (நிலைமின்னேற்றம் பாய்ந்து பாகங்கள் கெடாமல் காக்கும் விரிப்பு) போடச் சொல்லியிருக்கிறார். கடையில் பச்சை ரப்பரும் நீல வினைலும் காட்டுகிறார்கள், ஆன்லைனில் சிலிகான் மேட் மலிவாகக் கிடைக்கிறது. தரைக்கும் மேட் வேண்டுமா? மின் பேனல் முன்னால் விரித்தது போக மீதமான ஐஎஸ்ஐ முத்திரை ரப்பர் மேட் ஒரு சுருள் கிடக்கிறது, அதையே வெட்டிப் போட்டுக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கூடாது. பேனல் முன்னால் விரிக்கும் மேட் ஐஎஸ் 15652 தரத்துக்குச் செய்தது. 3.3 கிலோவோல்ட், 11 கிலோவோல்ட் என்று வகை பிரித்து, அதன் மேல் நிற்கிறவர் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மேசை மேல் போடும் ஈஎஸ்டி மேட்டின் வேலை இதற்கு நேர் எதிர்: மேலே வந்து சேரும் நிலைமின்னேற்றத்தை நிதானமாகத் தரைக்கு அனுப்ப வேண்டும். தடுக்கிற மேட்டை மேசையில் போட்டால் உரசும்போதெல்லாம் அதுவே சார்ஜ் ஏறி உட்கார்ந்திருக்கும். எர்த் ஒயரை அதில் இணைத்தாலும் பலன் இல்லை, அந்தச் சார்ஜ் ஒயர் வரை நகர்ந்து வராது. அந்தச் சுருளைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு உங்கள் யூனிட்டிலேயே சரியான இடம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

இப்போது அளவுகள். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் விரலில் சுரீர் என்று அடிக்கிறதே, அதை நாம் உணர்வதற்கே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். ஆடிட்டர் கையில் வைத்திருக்கப்போகும் ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20 தரம், மனித உடலிலிருந்து பாயும் 100 வோல்ட் டிஸ்சார்ஜைத் தாங்கும் பாகங்களைக் காப்பாற்றுவதை இலக்காக வைத்து எழுதப்பட்டது. உங்கள் டிரைவர் போர்டில் இருக்கும் மாஸ்ஃபெட் என்னும் சுவிட்ச் டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டைப் பாருங்கள்: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே தாங்கும் அளவு பெரும்பாலும் 20 அல்லது 30 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். கையில் ஒன்றும் தெரியாமலேயே பாகம் அடிவாங்கிவிடும் என்பதுதான் இதில் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அடிவாங்கியது உடனே சாகாமல் இருப்பது. ஃபைனல் டெஸ்டிங்கில் பாஸ் ஆகி, பேக் ஆகி, வாடிக்கையாளர் வீட்டுக் கூரையில் மாட்டிச் சில மாதம் எரிந்தபின் அணைந்துபோகும். அதை யாரும் ஈஎஸ்டி கணக்கில் எழுத மாட்டார்கள், "லாட் சரியில்லை" என்று சப்ளையர் மேல் பழி போகும்.

"எங்கள் ஊரில் ஈரப்பதம் அதிகம், இதெல்லாம் தேவையா?" என்றும் சிலர் கேட்பார்கள். வினைல் தரையில் நடந்தால் உடலில் ஏறும் மின்னழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாகக் காட்டப்படும் அமெரிக்க ராணுவக் கையேட்டு அட்டவணை ஒன்று உண்டு: ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போது 12,000 வோல்ட், 65 முதல் 90 சதவீதத்தில் 250 வோல்ட். ஈரம் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 250 வோல்ட்டே மேலே சொன்ன 100 வோல்ட்டைத் தாண்டிவிட்டது. அப்புறம், கோவை சென்னை இல்லை. மாசி, பங்குனியில் காற்று நன்றாகவே காய்ந்திருக்கும், அதோடு அசெம்ப்ளி ரூமில் ஏசியும் ஓடும்.

மேட்டுக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் நிறம், தடிமன், எந்த நாட்டுச் சரக்கு என்பதற்கெல்லாம் முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஓர் எண்: மேட்டின் மேற்பரப்பிலிருந்து எர்த் இணைக்கும் புள்ளி வரை எத்தனை ஓம்? எஸ்20.20 தரமும் ஐஇசி 61340-5-1 தரமும் மேல் வரம்பாக 10-இன் அடுக்கு 9 ஓம் என்கின்றன. நம் கணக்கில் 100 கோடி ஓம், மீட்டரில் 1000 மெகாஓம். கீழ் வரம்பாக, மேசைப் பரப்புக்கான எஸ்4.1 தரம் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் என்று பரிந்துரைக்கிறது.

மேல் வரம்பு ஏன் என்பது எளிது. மனித உடலின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது சார்ஜைத் தேக்கும் திறன், சுமார் 100 பைக்கோஃபாரட். 100 கோடி ஓம் வழியாக அது டிஸ்சார்ஜ் ஆக எடுக்கும் கால அளவு, இரண்டையும் பெருக்கினால், 0.1 விநாடி. கையை மேட்டில் ஊன்றி, போர்டைத் தொடுவதற்குள் சார்ஜில் பெரும்பகுதி இறங்கிவிடும். இதுவே 10,000 கோடி ஓம் என்றால் 10 விநாடி ஆகும், அதற்குள் ஆபரேட்டர் மூன்று பாகத்தைத் தொட்டிருப்பார். கீழ் வரம்புதான் பலருக்குப் புரிவதில்லை. "எர்த் தானே வேண்டும், ஸ்டீல் மேசையையே எர்த் பண்ணிவிட்டால் என்ன?" என்பார்கள். சார்ஜ் ஏறிய ஐசியின் கால் வெறும் உலோகத்தைத் தொட்டால், முழுச் சார்ஜும் நானோவிநாடிக் கணக்கில், பல ஆம்பியர் உச்சத்தோடு அந்தக் கால் வழியே பாயும். ஐசி சேதமாவதற்கு மனிதர் தொட வேண்டிய அவசியமே இல்லை. நிறைந்த ஏரியின் மதகைக் கொஞ்சமாகத் திறந்துவிடுவதற்கும் கரையை உடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதனால்தான் முழுக்கக் கறுப்பாக, கார்பன் நிறைய சேர்த்து, சில ஆயிரம் ஓம் மட்டுமே காட்டும் கண்டக்டிவ் மேட்டை மேசைக்கு வாங்க வேண்டாம் என்கிறேன். பட்டன் செல் வைத்த கன்ட்ரோலர் போர்டை அதன் மேல் வைத்தால் அடிப்பக்கக் கால்களுக்கு இடையே கரண்ட் கசிந்து அந்தப் பட்டன் செல் வீணாகும்.

இனி வகைகள். உங்கள் வேலைக்கு நான் சொல்வது இரண்டடுக்கு ரப்பர். மேட்டின் ஓரத்தை மடக்கி, வெட்டு முகத்தை உற்றுப் பாருங்கள்: மேலே அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பச்சை அல்லது நீலம், கீழே மீதி ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்பு. மேலடுக்கு சார்ஜை மெதுவாக இறக்கும் டிஸ்ஸிப்பேடிவ் ரப்பர், கறுப்பு கார்பன் கலந்த கண்டக்டிவ் அடுக்கு. பரப்பில் எங்கே சார்ஜ் விழுந்தாலும் அந்த அரை மில்லிமீட்டரைக் கடந்தால் போதும், கீழே கறுப்பு அடுக்கு அதை நேராக எர்த் பட்டனுக்குக் கொண்டுபோய்விடும். இந்த அமைப்பினால் பெரிய மேசையில்கூட தூர ஓரமும் பட்டன் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். பச்சை நிறம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி போனால் அது ஓரடுக்கு. ஓரடுக்கு மேட் எல்லாமே மோசம் என்றில்லை, ஆனால் அதில் சார்ஜ் பட்டன் வரை மேட் முழுவதையும் கடந்து போக வேண்டும், ஆகவே அளவெடுக்காமல் நம்ப முடியாது.

ரப்பரின் மற்றொரு நல்ல குணம் சூடு. சால்டர் துளி சிந்தினால் சின்னத் தழும்போடு போய்விடும். வினைல் அப்படியில்லை: சூடான அயர்ன் முனை பட்ட இடம் உருகிக் குழியாகும், அந்தக் குழியில் ஃபிளக்ஸ் (சால்டரிங் பிசின்) சேரும். வினைலுக்கும் நியாயமான இடம் உண்டு. மெத்தென்று இருக்கும், சுருளாமல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், பார்வைக்கும் சுத்தமாக இருக்கும். சால்டரிங் நடக்காத பேக்கிங் மேசைக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கும் அது போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மலிவான வினைல் மேட்டுகள் சிலவற்றில் காற்றின் ஈரத்தை இழுக்கும் ரசாயனம் கலந்துதான் அந்த ஓம் அளவை வரவைக்கிறார்கள். நாள்பட அந்த ரசாயனம் வெளியேறிவிடும், மேட்டும் விறைத்துப்போகும், ஓம் அளவும் ஏறிக்கொண்டே போகும். புதிதாக வாங்கிய அன்று, மழை பெய்கிற நாளில் அளவெடுத்தால் அருமையாகத்தான் காட்டும். அதனால் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எந்த ஈரப்பதத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள். 12 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதித்திருந்தால் அது மதிப்புள்ள ரிப்போர்ட். 50 சதவீதத்தில் மட்டும் எடுத்திருந்தால் உங்கள் பங்குனி மாதத்துக்கு அது பதில் சொல்லாது. ஈரப்பதத்தையே குறிப்பிடாத ரிப்போர்ட்டை ரிப்போர்ட்டாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிலிகான் மேட்டைப் பற்றி. செல்ஃபோன் ரிப்பேர் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: நீல நிறம், திருகு போட்டு வைக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், ஓரத்தில் அங்குல அளவுகோல், ஹாட் ஏர் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. மிக வசதியான பொருள். விளம்பரத்தில் ஆன்டி-ஸ்டேட்டிக் என்றும் போட்டிருப்பார்கள். சாதாரண சிலிகான் ரப்பர் நல்ல இன்சுலேட்டர், உரசினால் எளிதில் சார்ஜ் ஏறக்கூடியது. வந்த மேட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் எர்த் ஒயர் மாட்ட ஒரு பட்டன்கூட இருக்காது. எர்த் பண்ண வழியே இல்லாத மேட் சார்ஜை எங்கே அனுப்பும்? திருகு அடுக்கி வைக்க வேண்டுமானால் வாங்குங்கள், ஆடிட்டர் வரும் நாளில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் மேட்டைப் பற்றி. ஆனால் நல்ல மேட் வாங்கிய இடங்களிலும் ஆடிட்டில் மாட்டிக்கொள்வது எர்த்திங்கில்தான். மூலையில் 10 மில்லிமீட்டர் ஸ்னாப் பட்டன் இருக்கும், அதில் ஒயர் மாட்டியிருக்கும், அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் மேசைக்கு அடியில் ஸ்டீல் காலில் ஒரு பெயின்ட் அடித்த போல்ட்டில் சுற்றிவிட்டிருப்பார்கள். பெயின்ட் இன்சுலேட்டர், மேசைக் காலின் அடியில் ரப்பர் புஷ் வேறு. ஒயர் இருக்கிறது, எர்த் இல்லை.

சரியான முறை இது: ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொது எர்த் புள்ளி வையுங்கள், அதற்கென்றே பாக்ஸ் கிடைக்கிறது. மேட் ஒயர் தனியாக அங்கே, ரிஸ்ட் ஸ்ட்ராப் (ஆபரேட்டர் மணிக்கட்டில் கட்டி எர்த்தோடு இணைக்கும் பட்டை) தனியாக அங்கே. ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மேட்டின் மேல் க்ளிப் பண்ணி மேட் வழியாக எர்த் எடுக்க விடாதீர்கள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கோர்த்துக்கொண்டும் போகாதீர்கள், நடுவில் ஒரு பட்டன் கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கும் மேசைகள் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். ஆறு புள்ளிகளும் தனித்தனியாக, கட்டடத்தின் மின் எர்த்துக்கு, அதாவது மூன்று பின் சாக்கெட்டின் பெரிய பின் எங்கே போகிறதோ அங்கே, சேர வேண்டும். சால்டரிங் ஸ்டேஷனின் எர்த்தும் அதே இடத்தில்தான் சேர்கிறது. மேட், மனிதர், அயர்ன் முனை மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான் இங்கே நோக்கம்.

சிலர் ஈஎஸ்டிக்கென்று தனி எர்த் பிட் வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் தப்பில்லை, ஆனால் அதையும் கட்டட எர்த்தையும் இணைத்துவிட வேண்டும், இரண்டுக்கும் இடையே 25 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எஸ்20.20 விதி. இணைக்காமல் விட்டால் மேட் ஓர் எர்த்திலும் அயர்ன் இன்னோர் எர்த்திலும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே உங்கள் போர்டு. பிட் வெட்டும் செலவுக்கு முன்னால், வாடகைக் கட்டடமானால், சாக்கெட்டில் எர்த் உண்மையாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் லூப் டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது என்பதை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, துருப்பிடித்த எர்த்திலும் அது 230 காட்டும்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒயருக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். கையோ கருவியோ தவறிப்போய் 230 வோல்ட்டில் பட்டால், அந்த ஸ்ட்ராப் வழியாக ஓடும் கரண்ட் கால் மில்லிஆம்பியருக்குள் நிற்பதற்காக வைத்தது அது. "நேராக எர்த் கிடைக்கட்டும்" என்று அதை எடுத்துவிட்டு வெறும் ஒயர் போடும் அதிபுத்திசாலிகள் உண்டு, உங்கள் யூனிட்டில் அப்படி யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அந்த ஐஎஸ்ஐ சுருள் வருகிறது. உங்கள் டிரைவர் போர்டுகள் மெயின்ஸில் ஓடுபவை, ரெக்டிஃபையர் தாண்டியதும் 325 வோல்ட் டிசி நிற்கும். திறந்த போர்டில் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் வேலையை ஈஎஸ்டி மேசையில், எர்த் பண்ணிய மேட்டில், கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப்போடு செய்யக் கூடாது. ஆறில் ஒரு மேசையை டெஸ்டிங்குக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அந்த மேசையில் ஈஎஸ்டி மேட் வேண்டாம், ஸ்ட்ராப் வேண்டாம், மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், தரையில் ஆபரேட்டர் நிற்குமிடத்தில் அந்த இன்சுலேட்டிங் மேட்டை விரியுங்கள். போர்டில் பாகங்கள் எல்லாம் ஏறி, இணைப்புகள் முடிந்தபின் வருகிற கட்டம் என்பதால் ஈஎஸ்டி ஆபத்து அங்கே ஓரளவு குறைந்திருக்கும், ஷாக் ஆபத்துதான் கூடியிருக்கும். ஆடிட்டர் கேட்டால் இதையே காரணமாக எழுதிக் கொடுங்கள்.

மேட்டைச் சோதிக்க மல்டிமீட்டர் உதவாது. அதன் வரம்பே சில பத்து மெகாஓமோடு முடிந்துவிடும், அது தரும் வோல்ட்டேஜும் போதாது. இன்சுலேஷன் பார்க்கும் 500 வோல்ட் மெகரும் ஆகாது, அந்த அழுத்தத்தில் மேட் வேறு அளவு காட்டும். தரம் சொல்வது, 2.27 கிலோ எடையும் 63.5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள உருளை எலக்ட்ரோடுகள். முதலில் 10 வோல்ட்டில் பார்க்க வேண்டும், 1 மெகாஓமோ அதற்கு மேலோ இருந்தால் 100 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும், 15 விநாடி விட்டு எண்ணைப் படிக்க வேண்டும். இந்த செட் விலை கூடியதுதான். ஆனால் ஆடிட் வருடம்தோறும் வரும் என்றால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அளவெடுத்துத் தரும் சர்வீஸ் ஆட்களை அழையுங்கள்.

ஒரு மேசையில் நாலைந்து இடத்தில் வையுங்கள்: நடுவில், ஓரங்களில், முக்கியமாக ஆபரேட்டரின் முழங்கை உரசி வழவழப்பான இடத்தில். மீட்டரின் மறுமுனையை மேட் பட்டனில் தொடாமல், ஒயரின் கடைசி முனையில், எர்த் புள்ளியிலேயே தொடுங்கள். பட்டனில் தொட்டால் மேட் மட்டுமே சோதிக்கப்படும், கழன்ற ஒயர் கண்ணுக்குத் தெரியாது. மேசை எண், தேதி, ஈரப்பதம், அளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாதத்துக்கு மாதம் ஒரு மேசையில் மட்டும் எண் ஏறிக்கொண்டே வந்தால் முதலில் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஃபிளக்ஸும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். துடைத்தும் இறங்காவிட்டால் பட்டனை மாற்றிப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால்தான் மேட்டை மாற்றுங்கள்.

துடைக்க வீட்டுக் கண்ணாடி க்ளீனர், சிலிகான் கலந்த பாலிஷ் இரண்டும் கூடாது, காய்ந்ததும் மேலே இன்சுலேட்டிங் படலம் விட்டுப்போகும். தினமும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஈஎஸ்டி மேட் க்ளீனர் என்றே விற்பதை வாங்கி வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். காபி டம்ளர் மேட் மேல் வராமல் பார்ப்பது உங்கள் சாமர்த்தியம்.

தரை மேட் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள், ரிஸ்ட் ஸ்ட்ராப் போடுகிறார்கள் என்றால் இப்போதைக்கு வேண்டாம். நின்றோ நடந்தோ போர்டைக் கையாளும் இடத்தில்தான் அது தேவை, அங்கேயும் காலில் ஈஎஸ்டி செருப்போ இரண்டு காலிலும் குதிகாலில் மாட்டும் ஹீல் ஸ்ட்ராப்போ இல்லாவிட்டால் தரை மேட்டால் பயனில்லை. சாதாரண ரப்பர் செருப்பு இன்சுலேட்டர். மேட், செருப்பு, மனிதர் மூன்றும் சேர்ந்து 100 கோடி ஓமுக்குள் இருக்க வேண்டும், நடக்கும்போது உடல் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது.

மேட்டால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. இன்சுலேட்டரில் ஏறிய சார்ஜை அது இறக்காது. தெர்மாகோல், சாதாரண பிளாஸ்டிக் ட்ரே, பாலிதீன் கவர், செலோ டேப் இவற்றை எர்த் பண்ணிய மேட் மேல் வைத்தாலும் சார்ஜ் அப்படியே நிற்கும். டேப்பைச் சர்ரென்று இழுக்கும்போது மட்டும் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். வேலைக்குத் தேவையில்லாதவற்றை மேசையை விட்டே எடுத்துவிடுங்கள், தவிர்க்க முடியாதவை 2000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போர்டிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பாலியஸ்டர் புடவை, நைலான் சட்டைக்கு மேல் ஈஎஸ்டி கோட் போடச் சொல்வதும் இதனால்தான்.

ஆக, ஆர்டர் இப்படிப் போடுங்கள். சால்டரிங் நடக்கும் மேசைகளுக்கு 2 மில்லிமீட்டர் இரண்டடுக்கு ரப்பர், பேக்கிங் மேசைக்கு விருப்பமானால் வினைல், டெஸ்டிங் மேசைக்கு ஒன்றும் வேண்டாம். மேசைக்கு ஒரு பொது எர்த் பாக்ஸ், ஒயர், ஆளுக்கு ஒரு ரிஸ்ட் ஸ்ட்ராப், கூடவே வாசலில் ஒரு ஸ்ட்ராப் டெஸ்டர். சுருளாக வாங்கினால் முழுச் சுருளையும் வெட்டுவதற்கு முன்பு ஒரு துண்டை வெட்டி, பட்டன் அடித்து, உங்கள் ரூமில் ஏசியை ஓடவிட்டு இரண்டு நாள் விரித்து வைத்து அளவெடுங்கள். சுருண்ட ஓரம் அதற்குள் ஓரளவு படிந்துவிடும், படியாவிட்டால் கறுப்புப் பக்கம் உள்ளே வரும்படி எதிர்த் திசையில் ஒரு ராத்திரி சுருட்டி வையுங்கள். பில்லில் வெறும் "ரப்பர் மேட்" என்று போட விடாதீர்கள். "மேசைப் பரப்பு, எர்த் புள்ளி வரை 10 லட்சம் முதல் 100 கோடி ஓம்" என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட்டால், சரக்கு சரியில்லாதபோது திருப்பி அனுப்ப உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும்.